பொட்டு வைத்த ஸ்கோப்

என் அக்காள் புருஷன் ராஜசேகரன் அரை கிலோ கெம்போங் மீன் வாங்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண்ணை அமுக்கிப் பார்ப்பார், வயிற்றை முகர்ந்து பார்ப்பார். எங்கள் பத்து பாகாட் ஊர் மார்க்கெட்டில் மீன் விற்கிற சீன அம்மா இவர் தலையைக் கண்டாலே ஐஸ் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவார். கடைசியில் எந்த மீனும் சரியில்லை என்று கோழியோடு வீட்டுக்கு வருவார். அக்கா போய் வாங்கி வரட்டுமே என்றால் விடமாட்டார். "அவளுக்குப் பாக்கத் தெரியாது" என்பார். முப்பது வருஷமாக அந்த வீட்டில் மீன் வாங்குவது அவர் வேலை, மீனுக்கு ஏங்குவது அக்கா வேலை.

அப்படிப்பட்ட மனிதர் பறவை பார்க்க ஒரு ஸ்கோப், அதாவது முக்காலியில் நிறுத்துகிற தொலைநோக்கி, வாங்கக் கிளம்பினார். வாங்கி முடிக்க மூன்று வருஷம் ஆயிற்று. நான் லோகேஸ்வரன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு மத்தியானம் வரை சும்மா இருப்பவன் என்பதால், அந்த மூன்று வருஷமும் மச்சானை ஏற்றிக்கொண்டு அலைந்தவன் நான்தான். எரிச்சலோடுதான் சொல்கிறேன்.

மச்சானை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முப்பத்தொரு வருஷம் துணி மில்லில் செக்கிங் பிரிவில் இருந்தவர். விளக்குப் போட்ட மேசை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை அறுந்த இடம், எண்ணெய்க் கறை, சாயம் ஒரு பிடி கூடின இடம், எது கண்ணில் பட்டாலும் மேசையை நிறுத்தி, துணி ஓரத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். இது சரியில்லை என்று சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளமே கொடுத்தார்கள். வேலையை விட்டு வரும்போது மிச்சமிருந்த ஸ்டிக்கர் சுருள் ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். குளியலறை ஓட்டில் கீறல் இருந்த இடத்தில் ஓர் அம்பு, அலமாரிக் கதவு கோணலாக இருந்த இடத்தில் ஓர் அம்பு, என் வேன் கதவில் இரண்டு அம்பு. அக்கா புஷ்பவள்ளி அதே மில்லில் பேக்கிங்கில் இருந்தவள். ரோலுக்கு ரோல் தொங்குகிற சீட்டின் நம்பரை வாசித்து எழுதுவது அவள் வேலை. அங்கேதான் ஒருவரை ஒருவர் பார்த்துக் கட்டிக்கொண்டார்கள். மச்சான் அவளிடம் எப்படி ஒரு குறையும் காணாமல் சம்மதித்தார் என்பது எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

மில்லை விட்டு வந்த பிறகு சர்க்கரைக்காக நடக்கச் சொன்னார் டாக்டர். செங்காராங் பக்கம் கடலோரமாக நீளமான மண்மேடு போட்டிருக்கிறார்கள். அதன் மேல் நடந்தார். அந்தப் பக்கம் சேறு, சேற்றில் ஆயிரக்கணக்கில் பறவைகள். அங்கே பறவை பார்க்க வந்திருந்த குளுவாங் ஊர்க்காரர் ஜெயபாலன் என்கிற பழைய பள்ளி ஆசிரியர், தன்னிடம் கூடுதலாக இருந்த பைனாகுலரை இவர் கையில் கொடுத்தார். அதோடு பிடித்தது பைத்தியம். வடக்கே குளிர் வந்ததும் இறங்கி வந்து, பங்குனி முடியும்போது திரும்பிப் போகிற பறவைகளாம். அதில் ஒன்று, கீழ்நோக்கி வளைந்த நீள மூக்குள்ள கோட்டான் (ஆந்தை இல்லை, இந்தச் சேற்றுப் பறவைக்கும் அதுதான் பெயராம்), உடைந்து கிடந்த ஒரு படகுத்துறைக் கம்பத்தருகே நிற்கும். அதன் காலில் யாரோ வெளிறின பட்டை ஒன்றைக் கட்டியிருந்தார்கள்.

"அதுல எழுத்து இருக்கு லோகேஷ்" என்றார் மச்சான். "எந்த ஊர்ல புடிச்சாங்க, எப்பப் புடிச்சாங்க, எல்லாம் அந்த நம்பர்ல இருக்கு. நம்ம ரோல் சீட்டு மாதிரி."

நம்பர் இருந்தால் எந்தத் தறி, எந்த ஷிப்டு, யார் கை என்று சொல்லிவிடலாம் என்று பழகின மனிதர். நம்பர் இருந்தும் வாசிக்க முடியாத ஒன்று எதிரே நடமாடினால் எப்படித் தாங்குவார்? பைனாகுலரில் பட்டை தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. என் போனில் எடுத்துப் பார்த்தோம், சேறு மட்டும் தெரிந்தது. ஸ்கோப் வேண்டும், அதுவும் உயர்ந்த ரகம் வேண்டும் என்றார் ஜெயபாலன். நல்ல ஸ்கோப்பின் விலைக்குப் பழைய கார் ஒன்று வாங்கலாம். மச்சான் அதற்கு அசரவில்லை. சேமநிதிப் பணம் இருந்தது, அக்காவும் சரி என்றாள். முடிவுதான் வரவில்லை.

முதலில் முன் கண்ணாடி எவ்வளவு அகலம் என்று குழப்பம். அகலம் கூடினால் வெளிச்சம் கூடும், ஆனால் கனம் தோளை அறுக்கும். பிறகு எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டவேண்டும் என்று குழப்பம். அறுபது மடங்கு வரை போகிறதே என்று சந்தோஷப்பட்டால், அவ்வளவுக்குக் கூட்டினால் வெயிலில் சேறே கொதிக்கிற மாதிரி ஆடும் என்றார்கள். பிறகு நேரா, வளைவா என்று குழப்பம். நேர் ஸ்கோப் என்றால் குழாய் போகிற திசையிலேயே கண்ணை வைத்துப் பார்ப்பது. வளைந்தது என்றால் கண் வைக்கிற முனை மேலே பார்த்திருக்கும், குனிந்து பார்க்கவேண்டும். நேர்தான் நல்லது, பறவையைச் சட்டென்று பிடிக்கலாம் என்றார் ஜெயபாலன். பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டதற்குப் பதினேழு பேர் பதில் போட்டார்கள். எட்டுப் பேர் நேர், எட்டுப் பேர் வளைவு, ஒருவர் பிறந்தநாள் வாழ்த்து.

ஜோகூர் பாரு கேமரா கடைக்கு மட்டும் ஐந்து தடவை போனோம். மச்சான் ஒவ்வொரு ஸ்கோப்பையும் கடை வாசலில் நிறுத்தி எதிர்ப்பக்கக் கட்டடத்துப் பெயர்ப்பலகையைப் பார்ப்பார். ஒன்றில் வெள்ளை எழுத்தின் விளிம்பில் பச்சைக் கோடு ஒன்று ஓடுகிறது என்பார். இன்னொன்றில் வெள்ளையே லேசாக மஞ்சளடிக்கிறது என்பார். நானும் பார்ப்பேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது மச்சான்."

"அதனாலதான் நீ வேன் ஓட்டுற."

முதல் வருஷம் முடிவு செய்வதற்குள் கோட்டான் போய்விட்டது. அடுத்த வருஷம் புது மாடல் வந்து எல்லாம் முதலிலிருந்து ஆரம்பமாயிற்று, கோட்டான் மறுபடியும் போய்விட்டது. மூன்றாவது வருஷம் வந்தபோது மச்சானின் முகம் சரியில்லை. பட்டையின் ஒரு ஓரம் பிளந்து தூக்கிக்கொண்டிருக்கிறது என்றார். அவ்வளவு தூரத்திலிருந்து பைனாகுலரில் அதைக் கண்டுபிடிக்க அவரால்தான் முடியும். ஜெயபாலனிடம் சொன்னதற்கு, அப்படியானால் அடுத்த வருஷம் பட்டை காலில் இருக்காது என்றார். மச்சான் அன்று சாப்பாட்டில் உப்பு கூடக் குறைய என்று ஒன்றும் சொல்லவில்லை. அக்கா பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள்.

மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மறுபடியும் கடை. மச்சான் இரண்டில் வந்து நின்றார். நேர் ஸ்கோப் ஒன்று, அதில் மஞ்சள். வளைந்தது ஒன்று, அதில் பச்சைக் கோடு. கடைக்காரர் டியோ நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் ஒரு பொறுமை உண்டல்லவா?

"அங்கிள், டுவா-டுவா பாவா பாலிக் லா" என்றார். இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள் என்று அர்த்தம். முன் கண்ணாடியைத் தொடவேண்டாம், சட்டைத் துணியால் துடைக்கவே வேண்டாம், மேல் பூச்சு கீறிவிடும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை முழுக்க இரண்டும் வீட்டுப் பின்பக்கம் முக்காலிகளில் நின்றன. மச்சான் அதற்கும் இதற்கும் நடந்து எதிர்வீட்டுத் தண்ணீர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்காவையும் கூப்பிட்டார். நேர் ஸ்கோப் மச்சான் கண் உயரத்துக்கு நின்றது. அக்கா நுனிக்காலில் நின்றும் எட்டவில்லை. வளைந்தது தாழ நின்றது. கண்ணை வைத்தவள், "அடேயப்பா, தொட்டி மேல எறும்பு போவுதுங்க" என்றாள்.

"எறும்ப விடு. தொட்டி விளிம்புல பச்சை அடிக்குது பாரு."

"இல்லையே."

"உனக்குப் பாக்கத் தெரியாது" என்றார் மச்சான். அக்கா உள்ளே போய் வெங்காயம் உரித்தாள். எனக்கு அப்போதே மனசு கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வேனோடு போனேன். கடல் ஒன்பதரைக்கு முழுக்க ஏறிவிடும். ஏற ஏற, பறவைகள் மேட்டுப் பக்கம் தள்ளப்பட்டு வரும், முழுக்க ஏறினதும் எழும்பிப் போய்விடும். இடையில் அரை மணி நேரம்தான் கிட்டப் பார்க்க முடியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டான் இருக்குமோ என்னவோ. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே மச்சானின் சத்தம் கேட்டது.

சாமி மேடைக்கு முன்னால் வளைந்த ஸ்கோப் நின்றிருந்தது. கழுத்தில் மல்லிகைச் சரம். முக்காலியின் மூன்று காலுக்கடியிலும் மூன்று எலுமிச்சம்பழம். முன்பக்க மூடியைக் கழற்றி, அந்தப் பெரிய கண்ணாடியின் நட்டநடுவில், ஐம்பது காசு அகலத்துக்குச் சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமம்.

"கண்ணாடியிலயா வைப்பே? கண்ணாடியிலயா?"

"முகத்துலதானே பொட்டு வைக்கணும்?" என்றாள் அக்கா. "இதுக்கு முகம் அதுதானே. ரைஸ் குக்கருக்கு வச்சேன், வாஷிங் மெஷினுக்கு வச்சேன். எது கெட்டுப் போச்சு?"

"இது கண்ணாடி, புஷ்பா!"

"லோகேஷ் வேன்லயும் கண்ணாடியிலதான் வச்சேன். ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

உண்மைதான்.

"அலமாக்..." என்று மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தார். "ரெண்டுக்கும் வச்சியா?"

"ஒண்ணுக்குத்தான். இன்னொண்ணு கடைக்குத் திரும்பிப் போகப் போவுதே."

"எது திரும்பிப் போகும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியல. வீட்ல ஒருத்தருக்காச்சும் தெரிய வேணாமா?"

மச்சான் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். மில்லில் சிவப்பு என்றால் அவருக்கு ஒரே அர்த்தம். சந்தனம் காய்ந்து வெடிக்க ஆரம்பித்திருந்தது. துடைக்கக் கை நீட்டினார், கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார், மறுபடி இழுத்தார். துடைத்தால் கீறல், துடைக்காவிட்டால் பொட்டு. நேர் ஸ்கோப்பைப் பார்த்தார், வளைந்ததைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அழுதுவிடுவாரோ என்று நினைத்தேன்.

"நேர் ஸ்கோப்ப எடு லோகேஷ்" என்றார். எழுந்தவர் கதவு வரை போய்த் திரும்பி, "அதையும் எடு" என்றார். எதற்கு என்று கேட்டேன். "தெரியல" என்றார்.

அக்கா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். "கெடுத்தது நான்தானே, நானும் வரேன்" என்றாள். மூன்று வருஷத்தில் அவள் அந்த மேட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை, நான் உட்பட.

நாங்கள் போய் நின்றபோது தண்ணீர் பாதி ஏறியிருந்தது. கோட்டான் கம்பத்துக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது. மச்சான் நேர் ஸ்கோப்பை நிறுத்திக் கண்ணை வைத்தார். நான் மற்றதைப் பத்தடி தள்ளி நிறுத்தினேன். பொட்டும் மல்லிகையுமாக அது கடலைப் பார்த்து நின்ற கோலத்தைப் பார்த்து, மேட்டில் மீன் பிடித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் தூண்டிலை விட்டுவிட்டுப் பார்த்தார்.

"தெரியுது" என்றார் மச்சான். "மூணு எழுத்து. முதல் எழுத்து கே. இல்ல, எக்ஸா? பட்டை சாஞ்சிருக்கு. கேதான். இரு, எக்ஸ் மாதிரியும் இருக்கு. மஞ்சள் வேற அடிக்குது. ஓரம் பிளந்த இடத்துல நிழல் விழுது..."

பிளந்த இடத்தைப் பற்றி அவர் நிறையச் சொன்னார். பட்டை எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறது, எங்கே அழுக்கு, எங்கே மடிப்பு, எல்லாம் சொன்னார். எழுத்து மட்டும் வரவில்லை. தண்ணீர் கோட்டானின் முட்டி வரை வந்துவிட்டது. பட்டை இருந்தது முட்டிக்கு மேலே. இன்னும் நாலு விரல் ஏறினால் முடிந்தது.

"இதுல பாருங்களேன்" என்றாள் அக்கா.

"அதுல பொட்டுதான் தெரியும்!"

நான் ஏன் செய்தேன் என்று தெரியாது. வளைந்ததைக் கோட்டான் பக்கம் திருப்பிக் கண்ணை வைத்தேன். பொட்டு இல்லை. கோட்டான் இருந்தது, மூக்கு இருந்தது, மூக்கில் ஒட்டின சேறு இருந்தது. பொட்டைக் காணோம். உதிர்ந்துவிட்டதோ என்று முன்னால் போய்ப் பார்த்தேன். அப்படியே இருந்தது, சிவப்பாக. பின்னால் வந்து பார்த்தேன், இல்லை. மறுபடி முன்னால் போனேன், இருந்தது. மலாய்க்காரரும் எழுந்து வந்து முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அவ்வளவு கிட்டத்தில் இருக்கிற புள்ளியை ஸ்கோப் காட்டாது, தூரத்தில் இருப்பதைத்தான் காட்டும் என்று ஜெயபாலன் பிறகு விளக்கினார். விளக்கின பிறகும் எனக்குக் குழப்பம்தான்.

"நகரு லோகேஷ்" என்று அக்கா குனிந்தாள். அவள் உயரத்துக்கு அது சரியாக இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பேக்கிங்கில் தலைகீழாகத் தொங்குகிற சீட்டை வாசிக்கிற அதே குரலில் சொன்னாள்.

"கே. எட்டு. எல்."

"எட்டா, பி-யா?" என்று கத்தினார் மச்சான்.

"எட்டு."

"நல்லாப் பாரு. சாஞ்சிருக்குல்ல?"

"நான் சாஞ்ச சீட்டத்தான் இருபது வருஷம் படிச்சேன். எட்டு."

மச்சான் ஓடி வந்து அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தார். அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவர் கண்ணை வைத்த நேரத்தில் மேட்டுக்குக் கீழே ஒரு அலை அடித்தது. அத்தனை பறவைகளும் ஒரே சத்தமாக எழும்பின. கோட்டானும் எழும்பியது. கூட்டம் ஒரு தடவை கடல் பக்கம் வளைந்து, பிறகு வடக்கே திரும்பிப் போய்க்கொண்டே இருந்தது. மச்சான் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதில் தண்ணீரைத் தவிர என்ன இருந்திருக்கும்?

மெல்ல நிமிர்ந்தார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். மில்லில் பழகின பழக்கம். பார்த்தது, சரிபார்த்தது என்று இரண்டு கட்டம் கோடு போட்டு வைத்திருந்தார். தான் சரிபார்க்காத எதையும் அந்த மனிதர் எழுதி நான் பார்த்ததில்லை. மறுபடியும் அவளைக் கேட்பார், எட்டா பி-யா என்று வழி முழுக்கக் கேட்டு உயிரை எடுப்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கே எட்டு எல் என்று எழுதினார். முதல் கட்டத்தில் புஷ்பவள்ளி என்று எழுதினார். இரண்டாவது கட்டத்தில் பேனாவை வைத்து ரொம்ப நேரம் நின்றார். பிறகு அதிலும் புஷ்பவள்ளி என்றே எழுதினார்.

திங்கட்கிழமை நேர் ஸ்கோப் கடைக்குத் திரும்பிப் போயிற்று. டியோ மற்றதன் பொட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஏதோ மருந்து விட்டு, பஞ்சால் ஒற்றி எடுத்தார். கீறல் இல்லை. மச்சான் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன்.

நோட்டில் இருந்தபடியே நம்பரையும் பேரையும் ஜெயபாலன் மூலமாகப் பட்டை கட்டுகிறவர்களுக்கு அனுப்பியிருந்தோம், பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அன்று நான் அங்கே இருந்தேன். மச்சான் போனைத் திறக்காமல் அக்காவைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். அவள் ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். நம்பர் சரி. வடக்கே ஒரு கடலோரத்தில் ஒன்பது வருஷத்துக்கு முன் பிடித்துப் பட்டை கட்டின பறவை. அதற்குப் பிறகு எந்த நாட்டிலிருந்தும் இந்த நம்பரை யாரும் எழுதி அனுப்பவில்லை. உயிரோடு இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரியும், நன்றி, திருமதி புஷ்பவள்ளி.

"ஒம்பது வருஷமா ஒருத்தர் கண்ணுலயும் படலையா, பாவம்" என்றாள் அக்கா.

"ஏன், நான் மூணு வருஷமா பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார் மச்சான்.

"பாத்தீங்க" என்றாள் அக்கா, போனை அவரிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே. "படிக்கலையே."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொன்னது பறவையைப் பற்றித்தானா என்றும் எனக்குத் தெரியவில்லை. மச்சான் மேசை மேல் இருந்த மார்க்கெட் பையை எடுத்தார். அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு அக்காவிடம் நீட்டினார்.

அன்று அவள் கெம்போங் வாங்கிக்கொண்டு கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள்.